லீபெ: ஜெர்மன் மொழியின் காதல் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் படிக்கத் தொடங்குகிறவர்களும், ஜெர்மனியில் உறவோ நட்போ உள்ளவர்களும் ‘லீபெ’ என்ற சொல்லைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில், காதில் விழும் ஒலிக்கு நெருக்கமாகத் தந்திருக்கிறோம். ‘லீபெ’யில் வரும் ப, ‘அன்பு’ என்பதில் வரும் பு போல ஒலிக்கும்; ‘உப்பு’ என்பதில் வருவது போல அல்ல.

லீபெ என்றால் காதலா, அன்பா?

இரண்டும்தான். தாய்ப்பாசம் முட்டர்லீபெ. பிறரிடம் காட்டும் இரக்கமும் அன்பும் நெஹ்ஸ்டன்லீபெ. காதல் கடிதம் லீபெஸ்ப்ரீஃப். தமிழில் பாசம், நேசம், காதல், அன்பு, பக்தி என்று தனித்தனியே நிற்பவற்றில் பெரும்பகுதியை ஜெர்மன் மொழி இந்த ஒரே பெயர்ச்சொல்லில் அடக்கிவிடுகிறது.

பெயர்ச்சொல் இப்படி விரிந்திருக்க, அதன் வினை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது சட்டென்று சுருங்கிவிடும். ‘இஹ் லீபெ டிஹ்’ என்று ஒருவரிடம் சொன்னால் அது பெரும்பாலும் காதல்தான், அதுவும் கனமான காதல். அகராதியில் ‘லீபெ = அன்பு’ என்று படித்துவிட்டு, உடன் வேலை செய்யும் தோழியிடம் அன்பைச் சொல்ல இந்த வாக்கியத்தை எடுத்தால் எதிரில் இருப்பவர் திகைத்துப் போவார். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அன்றாட அன்புக்கு அங்கே வேறு சிறிய சொற்கள் இருக்கின்றன. அவை கீழே வருகின்றன.

எப்படி உச்சரிப்பது? எங்கே தவறுகிறது?

லீ நீளமாக. கடைசி எ மங்கலாக, வாயை அதிகம் திறக்காமல். ‘லீபே’ என்று நீட்டக் கூடாது.

முதல் தவறு எழுத்தைப் பார்த்து ‘லைபெ’ என்று படிப்பது. ஆங்கிலத்தில் ஐ, இ என்று பெயர் சொல்லும் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும்போது, ஜெர்மனில் இரண்டாவது எழுத்தின் ஆங்கிலப் பெயரே ஒலி. இ இரண்டாவதாக வந்தால் ‘ஈ’. ஐ இரண்டாவதாக வந்தால் ‘ஐ’. இடம் மாறினால் பொருளும் மாறும்: லீப் என்றால் பிரியமான, லைப் என்றால் உடம்பு. எழுதும்போதும் இதே இடத்தில்தான் பிழை விழுகிறது.

இரண்டாவது, தமிழர்களுக்கே உரிய தவறு. இரண்டு உயிர்களுக்கு இடையில் வரும் ப-வை நாம் உதட்டைச் சரியாக மூடாமல் தளர்வாகச் சொல்லிவிடுவோம். அது ‘லீவெ’ போலக் கேட்கும். உதடுகள் முழுதாக ஒட்டிப் பிரிய வேண்டும். ஆனால் அதே எழுத்து சொல்லின் இறுதியில் வந்தால் ஒலி வன்மையாகிவிடும்: ‘லீப்’ என்பதில் வருவது ‘உப்பு’வின் ப்.

மூன்றாவது, ‘இஹ்’, ‘டிஹ்’ என்பவற்றின் கடைசி ஒலி. தமிழில் இதற்கு எழுத்து இல்லை. ‘ஈ’ என்று சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் ஊதிப் பாருங்கள். பூனை சீறுவது போல மெல்லிய காற்றொலி வரும். அதுதான். ‘இக்’ என்றால் பெர்லின் பேச்சுவழக்கு போலாகிவிடும். ‘இஷ்’ என்பதும் சில வட்டாரங்களில் உண்டு. தேர்வுக்குப் படிப்பவர் பொது வழக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூதாதை மொழியில் ‘லெஉப்-’ என்பது போன்ற ஒரு வேர் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். விரும்புதல், ஆசைப்படுதல் என்று பொருள். அதிலிருந்து வந்தவையே ஆங்கில ‘லவ்’, ரஷ்ய ‘லியுபோவ்’, ஜெர்மன் ‘லீபெ’. லத்தீன் ‘லிபிடோ’வும் இந்தக் குடும்பமே.

இதே வேர் சமஸ்கிருதத்தில் ‘லோப’ ஆயிற்று. அங்கிருந்து தமிழுக்கு வந்தது: உலோபம், உலோபி. ஜெர்மானியர் காதலைச் சொல்லும் சொல்லும், நாம் கஞ்சனைத் திட்டும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆசை ஒரு கிளையில் அன்பாகக் கனிந்தது, இன்னொன்றில் பேராசையாக இறுகியது.

ஜெர்மன் மொழிக்குள்ளேயே இந்த வேரின் பிள்ளைகள் பல. கிளௌபன், நம்புதல்: பிரியமானதாகக் கொள்வது நம்பிக்கையாயிற்று. லோபன், புகழ்தல். எர்லௌபன், அனுமதித்தல். அதிலிருந்து ‘ஊர்லௌப்’: இன்று விடுமுறை என்று பொருள்படும் இந்தச் சொல்லுக்கு, பிரபுவிடமோ தலைவியிடமோ விடைபெற்றுப் போக வீரன் கேட்கும் அனுமதி என்பதே இடைக்காலப் பொருள். தமிழில் ‘விடுப்பு’ம் விடு என்பதிலிருந்தே வந்தது. இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.

பைபிளில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றைச் சொல்லி முடியும். 1522இல் வெளிவந்த, சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அவற்றில் முதலாவது கிளௌபெ, மூன்றாவது லீபெ. மூன்றில் இரண்டு ஒரே வேர்.

‘மின்னெ’ என்றொரு பழைய சொல் உண்டாமே?

உண்டு. இடைக்கால ஜெர்மனில் காதலின் முதன்மைச் சொல் அதுதான். அந்நாளில் ‘லீபெ’ மகிழ்ச்சி, இன்பம், பிரியம் என்ற பொருள்களில் பக்கத்தில் நின்றது.

மின்னெயின் ஆதிப்பொருள் நினைவு. அன்போடு ஒருவரை மனத்தில் வைத்திருத்தல். இதன் வேர் ‘மென்-’, நினைத்தல். ஆங்கில ‘மைண்ட்’, சமஸ்கிருத ‘மனஸ்’ எல்லாம் இதே வேர். பழைய பொருளின் தடம் ஒரு சடங்கில் இன்னும் இருக்கிறது. டிசம்பர் 27, புனித யோவான் திருநாளில், கத்தோலிக்கப் பகுதிகளின் தேவாலயங்களில் திராட்சை மதுவை மந்திரித்துப் பருகக் கொடுப்பார்கள். அதன் பெயர் யோஹானிஸ்மின்னெ. அதில் மின்னெ என்பது காதலல்ல, நினைவுகூர்ந்து அருந்துவது.

12ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை அரசவைகளில் பாடப்பட்ட காதற்பாடல்களுக்கு மின்னெஸாங் என்று பெயர். எட்டாத உயரத்தில் இருக்கும் தலைவியை ஒரு வீரன் போற்றிப் பாடுவதே அதன் பொதுவான போக்கு. சுமார் 1170 முதல் 1230 வரை வாழ்ந்த வால்ட்டர் ஃபான் டெர் ஃபோகல்வைடெ அதை மாற்றிப் பார்த்தவர். இருவரும் சமமாக நேசிப்பதே மின்னெ, ஒருவர் மட்டும் சுமப்பது மின்னெ ஆகாது என்பது அவர் நிலை. இந்தப் பாடல்களின் மிகப் பெரிய தொகுப்பு கோடெக்ஸ் மனெஸ்ஸெ. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூரிச்சில் உருவான தோல் சுவடி. 140 கவிஞர்களின் பாடல்கள், 137 முழுப்பக்க வண்ண ஓவியங்கள். 1888இல் ஹைடல்பெர்க்குக்குத் திரும்பி வந்து, இன்று அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

இவ்வளவு உயரத்தில் இருந்த சொல் எப்படி விழுந்தது? இடைக்காலத்தின் இறுதியில் மின்னெ உடலுறவை மட்டும் குறிக்கத் தொடங்கியது. பிறகு கொச்சையாகி, நல்ல சபையில் சொல்லத் தகாததாயிற்று. 1500ஐ ஒட்டி அதன் இடத்தை லீபெ முழுதாகப் பிடித்துக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் இடைக்கால இலக்கியத்தின்மேல் மீண்டும் ஆர்வம் வந்தபோது மின்னெயும் எழுந்தது, பழமை மணக்கும் சொல்லாக மட்டும். இன்று பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. காதலியிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம். நாடக வசனம் போலிருக்கும்.

‘இஹ் லீபெ டிஹ்’ சொல்வதா, ‘இஹ் ஹாப் டிஹ் லீப்’ சொல்வதா?

அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான்.

‘இஹ் மாக் டிஹ்’ என்பது ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’. நண்பர், உடன் படிப்பவர், பழகத் தொடங்கியவர், யாரிடமும் சொல்லலாம்.

‘இஹ் ஹாப் டிஹ் லீப்’: சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன்னைப் பிரியமாய் வைத்திருக்கிறேன்’. அம்மா பிள்ளையிடம், பிள்ளை தாத்தாவிடம், தங்கை அக்காவிடம், நெருங்கிய தோழிகள் தங்களுக்குள் சொல்வது. காதலர்களும் தொடக்க நாட்களில், பெரிய வாக்கியத்துக்கு இன்னும் துணியாதபோது, இதைச் சொல்வார்கள். குறுஞ்செய்திகளில் மூன்று முதலெழுத்தாகச் சுருக்கி அனுப்புவதும் உண்டு.

‘இஹ் லீபெ டிஹ்’ காதலர்க்கும் தம்பதியர்க்கும். சிலர் குடும்பத்திலும் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலப் படங்களில் போல ஒவ்வொரு தொலைபேசி அழைப்பின் முடிவிலும் உதிர்ப்பது ஜெர்மன் வழக்கில் இயல்பாக இல்லை. முதல் சந்திப்பில் சொன்னால் அவசரம் என்றே படும். பதிலுக்கு ‘இஹ் டிஹ் ஔஹ்’ என்றால் ‘நானும் உன்னை’. ‘இஹ் ஹாப் டிஹ் ஔஹ் லீப்’ என்று பதில் வந்தால் ஒரு படி கீழே நின்று அன்பாகப் பதில் சொல்கிறார் என்று பொருள். அந்தப் படியைக் கவனிக்கத் தவற வேண்டாம்.

பொருள்கள் விஷயத்தில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. பீட்சாவையும் மலையேற்றத்தையும் யாரும் தாராளமாக ‘லீபெ’ சொல்லலாம்.

சொல்வரிசையில் கவனம்: ‘லீப்’ வாக்கியத்தின் கடைசிக்குப் போக வேண்டும். ‘ஹாப் லீப் டிஹ்’ தவறு.

உன்னை, உனக்கு, உன்மேல்: வேற்றுமை எது?

‘லீபன்’ என்ற வினைக்கு இரண்டாம் வேற்றுமை. ‘உன்னைக் காதலிக்கிறேன்’ போலவே. ‘டிஹ்’ என்றால் உன்னை, ‘டீர்’ என்றால் உனக்கு. ‘இஹ் லீபெ டீர்’ என்பது பெர்லின் கொச்சை. வேடிக்கையாகச் சொல்வார்கள், தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அமைப்புக்கு ஜெர்மனிலும் துணை இருக்கிறது: கெஃபாலன். ‘மீர் கெஃபெல்ட் டாஸ் க்ளைட்’, எனக்கு அந்த உடை பிடிக்கிறது. விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இந்த இடம் தமிழருக்குத் தாய்மொழி போலவே வரும். ஆங்கிலத்தை இடையில் நுழைக்காமல் தமிழிலிருந்தே நேராக யோசியுங்கள்.

காதல்வயப்படுவதற்கு ‘ஸிஹ் ஃபெர்லீபன்’. ‘இஹ் ஹாபெ மிஹ் இன் டிஹ் ஃபெர்லீப்ட்’, உன்மேல் காதல் கொண்டுவிட்டேன். இங்கே முன்னிடைச்சொல் ‘இன்’, அதோடு இரண்டாம் வேற்றுமை. ‘உன்மேல்’ என்பதை நினைத்து ‘ஔஃப்’ போடுவதும், ‘உன்னோடு’ என்று ‘மிட்’ போடுவதும் வழக்கமான பிழைகள். ‘உனக்குள் விழுந்துவிட்டேன்’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ‘இன்’ மறக்காது.

குழந்தைகள் கேலிப்பாட்டாகச் சொல்லும் ஃபெர்லீப்ட், ஃபெர்லோப்ட், ஃபெர்ஹைராடெட் என்ற வரிசை மனப்பாடத்துக்கு நல்லது: காதலில் விழுந்தது, நிச்சயமானது, கல்யாணமானது. ‘ஃபெர்லோப்ட்’டும் நம் ‘லெஉப்-’ வேர்தான்.

பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வேறு மாதிரி சொல்கிறார்களே?

பவேரியாவில் ‘இ மோக் டி’. பொது ஜெர்மனில் இது ‘பிடிக்கும்’ என்ற அளவே. பவேரியப் பேச்சில் முழுக் காதலையும் தாங்கும். மூனிச் அக்டோபர் திருவிழாவில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டும் இதய வடிவ இஞ்சி ரொட்டிகளில் சர்க்கரைப் பாகால் எழுதியிருப்பது பெரும்பாலும் இது போன்ற வரிகளே.

சுவிஸ் ஜெர்மனில் ‘இ ஹா டி கெர்ன்’. பெற்றோர், பிள்ளை, காதலர் எல்லோரிடமும் செல்லும். சுவிட்சர்லாந்தில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிப்பாடத்தில் பொது ஜெர்மனையும், விளையாட்டு மைதானத்தில் இந்தப் பேச்சையும் கற்கிறார்கள். பிள்ளை இப்படிச் சொன்னால் அதில் அன்பு குறைவு என்று அம்மாமார் நினைக்க வேண்டாம்.

ஜெர்மனியில் ‘டூ கான்ஸ்ட் மிஹ் கெர்ன் ஹாபன்’ என்று ஒருவர் சொன்னால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் ‘நீ என்மேல் பிரியம் வைக்கலாம்’. உண்மையில் ‘போய்யா, உன் வேலையைப் பார்’.

‘மைன் ஃப்ராய்ண்ட்’ என்றால் நண்பனா, காதலனா?

‘என்’ என்று உடைமை சேர்த்து ஒரு பெண் ‘மைன் ஃப்ராய்ண்ட்’ என்றால் கேட்பவர் காதலன் என்றே எடுத்துக்கொள்வார். வெறும் நண்பனென்றால் ‘ஐன் ஃப்ராய்ண்ட் ஃபான் மீர்’, என் நண்பர்களில் ஒருவர். ஆண்கள் ‘மைனெ ஃப்ராய்ண்டின்’ சொல்லும்போதும் அப்படியே. விசா நேர்காணலிலோ அலுவலகத்திலோ இந்த வேறுபாடு தெரியாமல் பேசினால் வீண் குழப்பம் வரும்.

ஃப்ராய்ண்ட் என்பதன் பழைய பொருளே ‘நேசிப்பவன்’. சமஸ்கிருத ‘ப்ரிய’ இதன் உறவு; தமிழில் பிரியம். ஆக லீபெக்கு உலோபம், மின்னெக்கு மனம், ஃப்ராய்ண்டுக்குப் பிரியம் என்று மூன்று சொந்தங்கள் வடமொழி வழியாகத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கடிதத்தில் ‘லீபெ’ என்று தொடங்கினால் தவறாக நினைப்பார்களா?

மாட்டார்கள். அது நம் ‘அன்புள்ள’தான். ஜெர்மனியில் உள்ள கணவரிடமோ மனைவியிடமோ சேர விசா கேட்பவர்கள், விலக்குப் பெற்றவர்கள் தவிர, 2007 முதல் தொடக்கநிலை ஜெர்மன் அறிவைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கான ஏ1 தேர்வில் சுமார் 30 சொற்களில் ஒரு சிறு கடிதம் எழுதச் சொல்வார்கள். விளிச்சொல்லிலேயே தவறு செய்வது வருத்தமானது, ஏனென்றால் விதி எளிது.

பெண்ணுக்கு ‘லீபெ’, ஆணுக்கு ‘லீபர்’, பலருக்கு மீண்டும் ‘லீபெ’. நம் ‘அன்புள்ள’ பால் பார்க்காது என்பதால் ஆணுக்கும் ‘லீபெ’ போட்டுவிடுவோம். பெயருக்குப் பின் காற்புள்ளி. அடுத்த வரி, பெயர்ச்சொல்லில் தொடங்காவிட்டால், சிறிய எழுத்தில் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் காற்புள்ளி இல்லாமல், பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். அறிமுகமில்லாத அதிகாரிக்கு ‘ஸேர் கெஏர்டெ’, ஆணானால் ‘ஸேர் கெஏர்டர்’, அதாவது ‘மதிப்பிற்குரிய’. முடிவில் தெரிந்தவர்களுக்கு ‘லீபெ க்ரூஸெ’, அன்பு வணக்கங்கள். அதன்பின் காற்புள்ளி வேண்டாம்.

ஓட்டலில் கேட்கும் ‘லீபர்’ வேறா?

வேறு வேலை செய்யும் அதே சொல். கெர்ன், லீபர், அம் லீப்ஸ்டன்: விரும்பி, அதைவிட விரும்பி, எல்லாவற்றையும்விட விரும்பி. ‘இஹ் ட்ரிங்கெ லீபர் டே’ என்றால் அதைவிட டீ குடிக்கவே எனக்கு விருப்பம். ‘லீபர் நிஹ்ட்’ என்றால் வேண்டாமே, விட்டுவிடலாம். நயமாக மறுக்க இதைவிட நல்ல சொல் கிடைக்காது. குழந்தையிடம் ‘ஸை லீப்’ என்றால் சமர்த்தாக இரு.

எந்தச் சொற்களில் ஏமாறக் கூடாது?

‘கெலீப்டெ’ சொல்லளவில் ‘நேசிக்கப்படுபவள்’. நடைமுறையில் திருமணத்துக்கு வெளியே உள்ள தொடர்பைக் குறிக்கும். மனைவியை இப்படி அறிமுகம் செய்தால் விபரீதம். ‘லீப்ஹாபர்’ ஆணுக்கு அதே பொருள் தரும். ஆனால் பழைய கார், ஓவியம் போன்றவற்றின் தீவிர ரசிகரையும் குறிக்கும். ‘பெலீப்ட்’ என்றால் பலருக்கும் பிடித்த; காதலோடு தொடர்பில்லை. ‘லீப்லிங்’ செல்லமே என்று கூப்பிடவும், வேறு சொல்லோடு சேர்ந்து ‘மிகப் பிடித்த’ என்று சொல்லவும் உதவும்: லீப்லிங்ஸெஸ்ஸன், பிடித்த சாப்பாடு.

திராட்சை மதுப் புட்டியில் ‘லீப்லிஹ்’ என்றிருந்தால் அது இனிப்பின் அளவு. ‘பாதி உலர்’ வகையைவிட அதிகம், லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை வரை. இனிப்பில்லாததை எதிர்பார்ப்பவர் ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லைத் தேட வேண்டும்.

சூப்பில் போடும் ‘லீப்ஷ்டொக்கல்’ கீரைக்கும் காதலுக்கும் சம்பந்தமில்லை. லத்தீன் ‘லெவிஸ்டிகும்’ மக்கள் வாயில் திரிந்து, தெரிந்த சொல் போல ஒலிக்கத் தொடங்கியது, அவ்வளவே. அதேபோல ‘லேபன்’, வாழ்தல், ஒலியில் நெருங்கினாலும் வேர் வேறு.

பழமொழிகள்?

‘டீ லீபெ கேட் டுர்ஹ் டேன் மாகன்’, காதல் வயிற்றின் வழியே போகும். ‘அல்டெ லீபெ ரோஸ்டெட் நிஹ்ட்’, பழைய காதல் துருப்பிடிக்காது. ‘வோ டீ லீபெ ஹின்ஃபெல்ட்’ பாதியில் நிற்கும் வாக்கியம்: ‘காதல் எங்கே போய் விழுகிறதோ…’ பொருத்தமில்லாத ஜோடியைப் பார்த்துத் தோளைக் குலுக்கிக்கொண்டு சொல்வது.

மோதிரத்தில் பொறிக்க எப்படி எழுதுவது?

ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். எனவே ‘காதல்’ என்ற பொருளில் தனியாகப் பொறித்தால் முதல் எழுத்து பெரியது. ‘இஹ் லீபெ டிஹ்’ வாக்கியத்தில் அது வினை. அங்கே சிறிய எழுத்து. பொற்கொல்லரிடம் கொடுக்கும் முன் இந்த ஓர் எழுத்தையும், ஐ–இ வரிசையையும் காகிதத்தில் எழுதிச் சரிபாருங்கள். ‘இன் லீபெ’, அன்புடன், என்று மட்டும் பொறிப்பதும் வழக்கம். அதே வரி இறுதிச்சடங்கு மலர்வளையத்தின் நாடாவிலும் எழுதப்படுவது. பக்கத்தில் பெயரும் தேதியும் சேர்த்தால் மோதிரத்தில் அது திருமண நாளைத்தான் சொல்லும்.